உருவம் தெரிந்தால் போதும்

காஜியின் விசாரணை அறையில் இரண்டு மர நாற்காலிகள் உண்டு. பிராது கொண்டுவந்தவருக்கு வலப்பக்கம், பதில் சொல்ல வந்தவருக்கு இடப்பக்கம். இரண்டும் மேசையிலிருந்து ஒரே தூரம். மரக்கடை முதலாளி வந்தாலும் அதே நாற்காலிதான், அவரிடம் கூலிக்கு மரம் இழைக்கிறவன் வந்தாலும் அதே நாற்காலிதான். மார்க்கம் படித்த வெளியூர் ஆலிம் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, நியாயம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வாயாரப் புகழ்ந்துவிட்டுப் போனார். காஜி அப்போது தலையைக் குனிந்துகொண்டார். பணிவு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பணிவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாற்காலி மாறினால் அவருக்கு ஆள் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

கண் போய்க்கொண்டிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் வேறு ஊர் டாக்டர். உள்ளூரில் காட்டினால் மருந்துக்கடைக்காரன் வாய் சும்மா இருக்காது என்று காஜி பஸ் ஏறிப் போய்க் காட்டினார். சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மருந்து தன் பாட்டுக்கு இறங்கியது, கண்ணும் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போனது.

காஜியாக இருக்க ஒருவனிடம் என்னென்ன இருக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்லிவிடுவார். வயது வந்தவனாக, புத்தி தெளிந்தவனாக, நேர்மை தவறாதவனாக, சட்டம் கற்றவனாக இருக்க வேண்டும். காது கேட்க வேண்டும், வாய் பேச வேண்டும், கண் தெரிய வேண்டும். கண் போனவனிடமிருந்து பதவியை யாரும் பிடுங்க வேண்டியதில்லை, கண்ணோடு அதுவும் போய்விடும் என்பது அவர் படித்த சட்டம். அதற்குப் பிறகு அவன் சொல்கிற தீர்ப்புக்கும் தெருவில் போகிறவன் சொல்கிற தீர்ப்புக்கும் வித்தியாசம் கிடையாது. ஆனால் அதே பாடத்தில் ஒரு சலுகையும் இருந்தது. பார்வை மங்கியவனுக்கு எதிரே இருப்பவரின் உருவம் தெரிந்து, கிட்டே வந்தால் இன்னார் என்று அடையாளம் பிடிபட்டால் அவன் தொடரலாம்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவர் தொங்கிக்கொண்டிருந்தார். உருவம் தெரிந்தால் போதும். முதலில் ஆள் வாசலில் நுழையும்போதே தெரிந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால் தெரிந்தது. பிறகு, மேசைமேல் குனிந்து பேசினால் தெரிந்தது. கிட்டே என்றால் எவ்வளவு கிட்டே என்று சட்டக் கிதாபில் போட்டிருக்கவில்லை. போடாமல் விட்டது தனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டார்.

இந்த மேசைக்கு அவர் மெத்தையில் நடந்து வரவில்லை. அவருடைய வாப்பா மண்டியில் மூட்டை தூக்கியவர். இவரும் மீசை அரும்பும் முன்பே தூக்கினார். உப்பு மூட்டை நாட்களில் கழுத்துப் புண்ணுக்குள் உப்பு இறங்கும். அந்த எரிச்சலோடு, பலகை ஏறி லாரிக்குள் போகும்போதும் வரும்போதும் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே போவார். கூடத் தூக்கியவர்களில் கட்டையன் என்று ஒருவன். ஆள் குள்ளம், தோள் மட்டும் வண்டி மாட்டுத் தோள். அவன்தான் கிண்டல் செய்வான். “மேல மூட்டை, உள்ள கிதாபு. எது முதல்ல உன்னைக் கவுக்குதுன்னு பாக்கத்தான் நான் பின்னாலயே வரேன்.” பரீட்சைக்குப் போன நாட்களில் இவருடைய மூட்டைகளையும் சேர்த்துத் தூக்கியவன் அவன்.

காஜியானதும் அந்தக் கட்டையன் வீட்டுக்குத்தான் முதலில் போவதை நிறுத்தினார். வழக்கோடு வரக்கூடியவர் வீட்டில் காஜி கை நனைக்கக் கூடாது, பரிசு வாங்கக் கூடாது. கடைத்தெருவில் தானே நின்று பேரம் பேசுவதும் நல்லதில்லை, காஜி என்பதற்காகக் கடைக்காரன் குறைத்துக் கொடுத்துவிடுவான். சின்ன ஊரில் யார்தான் வழக்கோடு வரமாட்டார்கள்? ஒவ்வொரு வீடாகக் கழித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் மிஞ்சியது விசாரணை அறைக்கு மேலே இருந்த அவருடைய இரண்டு அறைகள்தான். மனைவி இருந்தவரை அது உறைக்கவில்லை. அவள் கிணற்றடிப் பேச்சையெல்லாம் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவர் முன்னால் அவிழ்ப்பாள். அவள் போன பிறகு வீட்டில் பேசியது சுவர்க்கடிகாரம் மட்டும். மகள் தூரத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டவள், வெள்ளிக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா வாப்பா, மருந்து போட்டீங்களா வாப்பா என்று கேட்பாள். என்ன மருந்து என்பது அவளுக்கும் சரியாகத் தெரியாது.

கட்டையன் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். இவர் போகவில்லை. கட்டையன் செத்தபோது ஜனாஸாத் தொழுகையில் வரிசையில் நின்றார், ஸலாம் கொடுத்தார், திரும்பி வந்துவிட்டார். கட்டையனின் மகன்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக்கே பிராதோடு வந்து நின்றால்?

வந்தே விட்டார்கள்.

வழக்கு இரும்பு கடைகிற ஒரு லேத் மெஷினைப் பற்றியது. பழைய இரும்புக் கடையில் கிடந்ததை நான் வாங்கி, பாகம் பாகமாகச் சேர்த்து ஓட வைத்தேன், இடமில்லாததால் தம்பி ஷெட்டில் போட்டு வைத்தேன், இப்போது தரமாட்டேன் என்கிறான் என்பது அண்ணன் சொன்னது. வாங்கியதும் நான், பூட்டியதும் நான், அண்ணன் கூட நின்று வேலை பார்த்தார் அவ்வளவுதான் என்பது தம்பி சொன்னது. “என் ரெண்டு விரலைத் தின்ன மெஷின் அது ஹஜ்ரத், அது என்னோடது இல்லாம யாரோடது?” என்றான் அண்ணன். விரல் போனது வருத்தம்தான், ஆனால் அதனால் மெஷின் உங்களுடையதாகிவிடாது என்று காஜி சொன்னார். சாட்சி உண்டா என்றார். பழைய இரும்புக் கடைக்காரர் மவுத்தாகிவிட்டார். வாப்பாவும் மவுத். வேறு யாரும் பார்க்கவில்லை.

சட்டம் இதில் தெளிவு. கேட்டு வந்தவன் சாட்சி கொண்டுவர வேண்டும். அவனால் முடியாவிட்டால், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு மறுக்கிறவன் சத்தியம் செய்ய வேண்டும். செய்தால் பொருள் அவனிடமே இருக்கும். அண்ணன் கேட்டு வந்தவன், தம்பி கையில் வைத்திருப்பவன். ஆக, சத்தியம் தம்பிக்கு. இடப்பக்க நாற்காலிக்கு.

அதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள். லுஹர் தொழுதுவிட்டு வந்து முடிக்கலாம் என்று எல்லோரும் எழுந்தார்கள்.

வழக்கமாக ஆட்களை நாற்காலியில் உட்கார வைப்பது குமாஸ்தாவின் வேலை. பருத்த மனிதர், மூச்சு வாங்கும், வாய் ஓயாது. காஜிக்கு அரிசி பருப்பு வாங்கித் தருவதிலிருந்து சட்டைப் பொத்தான் தைப்பதுவரை அவர்தான். அன்று தொழுகை முடிந்து வெளியே வந்தால் குமாஸ்தாவின் செருப்பைக் காணோம். போன வாரம்தான் வாங்கிய செருப்பு. பள்ளிவாசல் படியில் நின்று வருகிறவர் போகிறவர் காலையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சகோதரர்கள் தாங்களாகவே அறைக்குள் போனார்கள். முதலில் போனவன் முதலில் கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்தான். அடுத்தவன் மிச்சமிருந்ததில் உட்கார்ந்தான். அவர்களுக்கு நாற்காலி நாற்காலிதான்.

காஜி உள்ளே வந்தார். இரண்டு இருட்டுக் குவியல்கள் தெரிந்தன. உருவம் தெரிந்தது. போதும் என்று உட்கார்ந்தார்.

இடப்பக்கம் முகத்தைத் திருப்பி, நீங்க சத்தியம் செய்யத் தயாரா என்று கேட்டார். தயார் என்றது குரல். கட்டையனின் கரகரப்பு அப்படியே இருந்தது, இரண்டு மகன்களுக்கும் அதே தொண்டை. நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார். அல்லாஹ்வின் மீது ஆணையாக அந்த மெஷின் என்னுடையது, அதில் என் கூடப்பிறந்தவனுக்கு ஒரு பங்கும் இல்லை. குரல் தடுமாறாமல் திருப்பிச் சொன்னது.

“சத்தியம் செஞ்சவருக்கே மெஷின். வழக்கு முடிஞ்சது.”

ஒரு நாற்காலி தரையில் கீறிக்கொண்டு பின்னால் போனது. யாரோ விறுவிறுவென்று வெளியேறினார்கள். தோற்றவன் கோபம், ஆறிவிடும் என்று நினைத்தார். ஜெயித்தவன் மேசையைச் சுற்றி வந்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவன் வலக்கையில் கடைசி இரண்டு விரல்கள் இல்லை.

விரலை மெஷினுக்குக் கொடுத்தவன் அண்ணன்.  கையை விடாமல் அந்த மொட்டையைத் தடவிப் பார்த்தார். அன்பு என்று நினைத்து அவன் இன்னும் இறுக்கினான். அப்போதே கூப்பிட்டிருக்கலாம். போனவனைக் கூப்பிடுங்கள், தவறு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை போதும். வாசலில் அடுத்த வழக்குக்காரர்கள் செருமிக்கொண்டு நின்றார்கள். தவறு எப்படி நடந்தது என்று கேட்பார்களே என்ற எண்ணம் முன்னால் வந்து நின்றது. அவர் வாயைத் திறந்து, அடுத்து யாரு என்றார்.

குமாஸ்தா வெறுங்காலோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் நின்றவர்களிடம் யாருக்குத் தீர்ப்பு என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு செருப்பைப் பற்றிக்கூட அவர் பேசவில்லை.

மறுநாள் அண்ணன்காரன் நாலு ஆட்களோடு போய், மெஷினைச் சங்கிலி கட்டி இழுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தம்பியின் ஷெட்டில் அந்த ஒரு மெஷின்தான். அவன் வீட்டு உலை அதை நம்பித்தான் கொதித்தது. குமாஸ்தா இதைச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காஜிக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் எதிரே உட்காருவது வழக்கமில்லை.

“ஹஜ்ரத், நான் ஒண்ணு சொல்லுவேன், திட்டக் கூடாது. எழுத்து சின்னதா இருக்கு, நீயே படிச்சிடுன்னு ரொம்ப நாளா சொல்றீங்க. எழுத்து சின்னதாகல.”

காஜி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்” என்றார் குமாஸ்தா. பிறகு தன் திட்டத்தை விரித்தார். ஒன்றும் கஷ்டமில்லை. அடுத்த விசாரணை நாளில் எல்லோர் முன்னாலும் தானே சொல்லிவிடுவார், நான்தான் ஆளை மாற்றி உட்கார வைத்தேன், காஜி மேல் தப்பில்லை என்று. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் மூஞ்சியும் ஒரே அச்சு. மறுபடி விசாரணை, தம்பிக்கு சத்தியம், மெஷின் திரும்பிவிடும். இனிமேல் செருப்பு போனாலும் சரி வேட்டி போனாலும் சரி, அறையை விட்டு நகரமாட்டேன் என்றார்.

“நீ அங்க இல்லவே இல்லையே.”

“செருப்பு தேடினது எனக்கும் படிக்கும்தான் தெரியும். படி சாட்சி சொல்ல வராது.”

காஜிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டார். நீ போ, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பினார். யோசிக்க என்ன இருக்கிறது, காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும் என்று அவருக்கே தோன்றியது. தம்பிக்கு நியாயம் கிடைக்கும். தனக்கு மேலே இரண்டு அறை இருக்கும், கீழே மேசை இருக்கும், வாரத்தில் சில நாட்களாவது மனிதக் குரல் கேட்கும். இதை விட்டால் தன்னை ஹஜ்ரத் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? மகள் வீட்டு மூலையில் கட்டில் போட்டு உட்கார வைப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர் வாசலில் இறக்கி வைத்த மூட்டை. சரி என்றே சொல்லிவிடுவோம் என்று முடிவுக்கு வந்திருந்தார்.

அன்று அஸர் தொழுதுவிட்டுச் சுவரைத் தொட்டபடி வரும்போது, வீட்டுப் படியில் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருந்தது. இவரைப் பார்த்ததும் அந்த உருவம் எழுந்தது. கிட்டே வந்தது. கை எட்டும் தூரத்துக்கு வந்தும் முகம் தெரியவில்லை. ஸலாம் சொன்ன பிறகு, கட்டையனின் தொண்டை என்று தெரிந்தது. எந்த மகன் என்று கையைப் பிடித்துப் பார்க்கவா முடியும்?

“நான் தீர்ப்பைப் பத்திப் பேச வரல” என்றான் அவன். தோற்றவன்தான். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க வாப்பா மேல உங்களுக்கு என்ன கோவம்?”

காஜிக்குப் பிடிபடவில்லை. என்ன சொல்கிறாய் என்றார்.

அவன் சத்தம் போடவில்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவன் போல நிதானமாகச் சொன்னான். எங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் நீங்கள் வந்ததில்லை. பெருநாளுக்கு உம்மா சோறு கொடுத்து அனுப்பினால் பாத்திரம் அப்படியே திரும்பி வரும். வாப்பா படுத்தபடுக்கையாகக் கிடந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்களா என்று கேட்பார். ஏதோ கோபம், நான்தான் எப்போதோ ஏடாகூடமாகப் பேசியிருப்பேன் என்று சொல்லிக்கொண்டே செத்தார். அன்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனிடம் சத்தியம் வாங்கினீர்கள். சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் என் பக்கம் நீங்கள் திரும்பவே இல்லை. அந்தக் கோபம்தான் இன்னும் தீரவில்லை போலிருக்கிறது.

“அண்ணனும் அவருக்கு மகன்தான். ஆனா வாப்பா மூஞ்சி என்கிட்டத்தான் அதிகமா இருக்குன்னு சொல்லுவாங்க. அதான் கேட்டேன்.”

பதிலுக்குக் காத்திராமல் அவன் போய்விட்டான். காஜி படியில் உட்கார்ந்தார். யாருக்கும் கடமைப்படாமல் இருக்க வேண்டும், யார் பக்கமும் சாய்ந்ததாக ஒரு சொல் வரக் கூடாது என்றுதான் அந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்தார். கட்டையன் செத்ததுகூட இவர் கோபத்தை நினைத்துக்கொண்டு. இப்போது மிதிக்காததே சாய்ந்ததற்குச் சாட்சியாக வந்து நிற்கிறது. கட்டையனுக்கு ஒரே ஒரு தடவை விளக்கிச் சொல்லியிருந்தால் போதும். புரிந்துகொண்டு, அதையும் வைத்து ஒரு கிண்டல் செய்திருப்பான்.

எழுந்து மேலே போனார். குமாஸ்தாவின் பொய்யைப் பற்றி மறுபடி நினைத்தார். கண் போனால் பதவி போகும். பொய்யான சாட்சிக்குத் தலையாட்டினால் நேர்மை போகும், அப்போதும் பதவி போகும். ஊருக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று தன்னைக் கேட்காமல் போய்விட்டது. இன்னொன்றைத் தானே தூக்கிப் போட வேண்டுமா?

அடுத்த விசாரணை நாளில் சகோதரர்கள் இருவரையும் வரச் சொன்னார். ஜமாஅத் தலைவரையும் அழைத்தார். தலைவர் மரக்கடை முதலாளி, எதையும் தட்டிப் பார்த்து வாங்குகிறவர். அறை நிறைந்திருந்தது. காஜி எழுந்து நின்றார்.

“எனக்குக் கண்ணு தெரியல. அன்னைக்கு இவங்க நாற்காலி மாறி உக்காந்தாங்க, எனக்குத் தெரியல. சத்தியம் தம்பிக்கு உரியது, அண்ணன்கிட்ட வாங்கிட்டேன். அந்தத் தீர்ப்பு செல்லாது. இனிமே நான் காஜி இல்ல.”

கண்ணாடி மாற்றினால் சரியாகப் போய்விடும், இதற்கெல்லாம் பெரிய பேச்சு எதற்கு என்றார் தலைவர். ஊருக்கு இன்னொரு காஜியைத் தேடும் அலைச்சல் அவர் குரலிலேயே தெரிந்தது. பிறகு, வியாபாரி அல்லவா, தட்டிப் பார்த்தார்.

“நான் கையில என்ன வெச்சிருக்கேன் ஹஜ்ரத்?”

“நீங்க நிக்கிறீங்களா உக்காந்திருக்கீங்களான்னே தெரியல.”

 அண்ணன்தான் முதலில் பேசினான். அல்லாஹ்மேல் ஆணையிட்டது பொய்யா, அது என்னாவது என்று கேட்டான். உங்கள் சத்தியம் உங்களுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் இருக்கிறது, நான் அதற்குள் வரவில்லை, என் தீர்ப்புதான் செல்லாது என்றார் காஜி. மெஷின் தம்பி ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும், புது காஜி வந்து விசாரித்துச் சொல்லட்டும். அதைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். அண்ணன் முணுமுணுத்தான். சங்கிலி கட்டி இழுத்த கூலி யார் கொடுப்பது என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

காஜி தம்பியின் பக்கம் என்று நினைத்த பக்கம் திரும்பினார். இதைச் சொல்லத்தான் முந்திய நாளெல்லாம் சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தார்.

“உங்க வாப்பா மேல எனக்குக் கோவமே கிடையாது. ஒருநாளும் இருந்ததில்ல. நான் உங்க வீட்டுக்கு வராதது...”

“அவரு அப்பவே போயிட்டாரு ஹஜ்ரத்” என்று யாரோ சொன்னார்கள். “மெஷினை இறக்க ஆள் கூப்பிடப் போயிருக்காரு.”

காஜி மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். கணக்கு இன்னும் தீரவில்லை அவருக்கு. எப்போதிலிருந்து தெரியவில்லை என்று கேட்டார். இந்தக் கேள்வி வரும் என்று காஜிக்குத் தெரியும். எத்தனை தடவை தன்னையே கேட்டிருக்கிறார். கதவு சாத்தினது மாதிரி ஒருநாளில் போயிருந்தால் சொல்லிவிடலாம். மாலை மங்குவது மாதிரி போனது, எந்தக் கணத்தில் இருட்டு என்று எவன் சொல்லுவான்? உருவம் தெரிந்த காலத்தில் சொன்னது செல்லும், தெரியாமல் போன பிறகு சொன்னது செல்லாது, நடுவில் உள்ளவர்கள் என்னிடம் வந்து கேட்கட்டும், அவர்களைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறதா என்று சொல்கிறேன் என்றார். புது காஜி வரும்வரை இவர் மேலே அறையில் இருக்கட்டும் என்று தலைவர் சொல்லிவிட்டுப் போனார். மரக்கடைக்கு லோடு வந்திருந்தது.

அதற்குப் பிறகு படியில் கூட்டம். அத்தனை பேர் அந்தப் படியேறி அவரைத் தேடி வந்தது அவர் ஆயுளில் அப்போதுதான். நலம் விசாரிக்க ஒருவரும் வரவில்லை. என்னைப் பார்த்தீர்களா என்று கேட்கத்தான் வந்தார்கள். குமாஸ்தா வாசலில் நின்று ஒவ்வொருவராக அனுப்பினார், பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் எழுதிக்கொண்டிருந்த கை இப்போது சும்மா தொங்கியது.

முதலில் துணி தைக்கிற பெண் வந்தாள். காணாமல் போன புருஷனிடமிருந்து அவளுக்கு விடுதலை கொடுத்திருந்தார். இப்போது வேறு கல்யாணம் முடித்து வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.  அவர் யோசித்தார். அந்த நாள் நினைவுக்கு வந்தது.

“உன் முக்காட்டுல வெள்ளை நூல் ஒட்டியிருந்தது. மிஷின்ல இருந்து எழுந்து நேரா வந்திருந்தே. பேசும்போது நடுவுல அதை எடுத்து விரல்ல சுத்திக்கிட்டே. பாத்தேன்மா. உன் தீர்ப்பு செல்லும்.”

அவள் விக்கி விக்கி அழுதாள், துஆ செய்துகொண்டே படியிறங்கினாள். இன்னொருவனுடைய தாடியில் சுண்ணாம்பு இருந்ததை நினைவிலிருந்து சொன்னார். ஒரு கிழவர் வந்தார், அவரைப் பற்றி எதுவும் நினைவுக்கு வரவில்லை. மறுபடி விசாரிக்கட்டும் என்றார். கிழவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனார், படியில் நின்று இன்னொன்றும் சொன்னார்.

கூட்டம் கரைந்த பிறகு வந்தவள் உட்காரவில்லை. இளம் குரல். புருஷன் அடிக்கிறான் என்று வந்து, அவரிடம் விடுதலை வாங்கிப் போனவள். அவளுடைய வழக்கின் ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நினைவிருந்தது. சூடு வைத்தது, பூட்டி வைத்தது, அதற்கு மேலும் நடந்தது. முகத்தைத் தேடினார். முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருந்தது. உடுப்பின் நிறம், கை, எதுவுமே இல்லை.

“எனக்கு நினைவில்லம்மா. உன்னைப் பாத்ததா நினைவில்ல.”



“அன்னைக்கு நீங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டீங்க. ஒரு தடவைகூட என்னை நிமிந்து பாக்கல. எங்க உம்மாகிட்ட சொல்லாததைக்கூட நான் அதனாலதான் சொன்னேன். நல்ல மனுஷன், கூச்சப்படாம சொல்லட்டும்னு பாக்காம இருக்காருன்னு நினைச்சேன்.”

அவர் இப்போது முகத்தை நிமிர்த்தினார்.

“அப்ப நான் இன்னும் அவன் பொண்டாட்டியா?”

“அதைச் சொல்ற அதிகாரம் இப்ப எனக்கு இல்லம்மா.”

“மறுபடி எல்லாத்தையும் இன்னொருத்தர் முன்னால சொல்லணும். அவரு நிமிந்து பாப்பாரு.”

“சொல்லித்தான் ஆகணும்.”

“பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது? நான் நின்னேன், நீங்க இருந்தீங்க. அவ்வளவுதானே.”

அவர் உதட்டுவரை வந்தது. பார்த்தேன். அதைவிடப் பெரிய மூட்டைகளைத் தூக்கியிருக்கிறார். இந்த ஒரு சொல்லைத் தூக்கி அவள் காலடியில் வைத்தால் அவள் வீட்டுக்குப் போய் இன்று தூங்குவாள்.  

“தெரியலம்மா” என்றார் கடைசியில்.

துணி உராயும் சத்தம் கேட்டது. கதவுப் பக்கம் வெளிச்சம் ஒருமுறை மறைந்து விலகிய மாதிரி இருந்தது. படியில் காலடி கேட்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினார். கீழே தெருவில் ஏதோ வண்டி போய், எல்லாச் சத்தத்தையும் மூடிவிட்டது.

அடுத்து யாரு என்றார். பதில் வரவில்லை. ஆள் இல்லையா, அவள்தான் போகாமல் வாய் மூடி நிற்கிறாளா என்று தெரியாமல், முகத்தை வாசல் பக்கம் வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.